கட்டிய கில்ட்டும் தைத்த கில்ட்டும்

ஸ்காட்லாந்து நாட்டு ஆண்கள் உடுத்தும் கில்ட் என்னும் ஆடையைப் படத்தில் கண்டவுடன் நம் நண்பர்களுக்கு முதலில் வருவது சிரிப்புத்தான். “மீசை வைத்த மனிதர் பாவாடை கட்டியிருக்கிறாரே!” என்று வகுப்பில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அன்றைய வரலாற்றுப் பாடம் அத்துடன் முடிந்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள மனம் வருவதில்லை. வேட்டி கட்டும் நாட்டில் பிறந்தவனுக்கு, இடுப்பைச் சுற்றிய துணியில் நகைக்க என்ன இருக்கிறது? மடித்துக் கட்டினால் நம் வேட்டியும் முழங்காலைத்தானே தொடுகிறது! ஆகவே அந்த ஆடையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். படிக்கப் படிக்க ஒரு வழக்கு கண்ணில் பட்டது. கில்ட்டை மரபு பிறழாமல் உடுத்த வேண்டும் என்பார் ஒருபுறம். காலத்துக்கேற்ப எப்படியும் உடுத்தலாம் என்பார் மறுபுறம். இதில் எது பழைமை, எது புதுமை என்று பிரிக்கப் போனால் கையில் சிக்கலே மிஞ்சுகிறது.

மரபு என்று இன்று அவர்கள் சொல்வதை முதலில் பார்ப்போம். கனத்த கம்பளித் துணி. நல்ல கில்ட் ஒன்றுக்கு 8 கெஜம் செல்லும். நாம் கால்சட்டை போடுவது போல இடுப்பெலும்பில் நிறுத்தாமல், தொப்புள் உயரத்துக்கு ஏற்றிக் கட்ட வேண்டும். கீழ்விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். முன்புறத்தில் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மேல்மடலின் ஓரம் உடுத்தியவரின் வலப்பக்கம் விழும். அவ்வோரத்தில் ஓர் ஊசி குத்துவார்கள். அதை மேல்மடலில் மட்டுமே குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். கில்ட்டுக்குச் சட்டைப்பை போன்ற பை கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க ஸ்போரன் என்னும் தோல்பை முன்னே தொங்கும். கீழே முழங்கால் வரை கம்பளிக் காலுறை, அதில் செருகிய சிறு கத்தி. மாலை விருந்து என்றால் வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் குறுஞ்சட்டை. மாப்பிள்ளை அழைப்புக்குப் புறப்படும் கோலம்தான்!

என்னை மிகவும் கவர்ந்தது பின்புறத்துக் கொசுவம். நம் வீட்டுப் பெண்கள் புடவைக்குக் கொசுவம் வைப்பதைப் பார்த்திருக்கிறோம். பேசிக்கொண்டே விரல்களால் மடித்துச் செருகிவிடுவார்கள். கில்ட் தைப்பவர் அதே கொசுவத்தை ஊசியாலும் நூலாலும் நிலைநிறுத்துகிறார். டார்ட்டன் என்பது கட்டம் போட்ட துணி. கட்டத்துணியை மடித்தால் கட்டம் குலைந்துபோகும் அல்லவா? அவர்கள் அதைக் குலையவிடுவதில்லை. ஒவ்வொரு மடிப்பும் கட்டத்தின் அடுத்த துண்டை மட்டும் வெளியே காட்டுமாறு அளந்து மடிக்கிறார்கள். முடித்த பின்பு பார்த்தால், முன்புறத்தில் உள்ள அதே கட்டம், மடிப்பே இல்லாதது போலப் பின்புறத்திலும் முழுதாகத் தெரியும். இராணுவத்தார் விரும்பும் முறை வேறு. கட்டத்தில் ஏதேனும் ஒரு கோட்டைத் தேர்ந்துகொண்டு, எல்லா மடிப்பிலும் அந்தக் கோடே வெளியே நிற்குமாறு மடிப்பார்கள். நிற்கும்போது பின்புறம் முழுதும் வரிவரியாக ஒரே கோடு தெரியும். நடக்கத் தொடங்கியதும் மடிப்புகள் விரிய, உள்ளே ஒளிந்திருந்த நிறங்கள் பளிச்சிட்டு மறையும். இதில் மற்றொரு தொல்லையும் உண்டு. இடுப்புச் சுற்றளவு குறைவு, அதற்குக் கீழே சுற்றளவு கூடுதல். ஆகவே ஒவ்வொரு மடிப்பையும் மேலே போகப் போகச் சிறிது குறுக்கித் தைக்க வேண்டும். கோடு மட்டும் பிசகக் கூடாது. நம் கணிதத் துறை நண்பர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

இவ்வளவு நுட்பமான இந்த ஆடை, ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஏடுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நமக்குச் சான்று கிடைக்கும் பழைய ஆடையில் தைத்த கொசுவமே கிடையாது. அதன் பெயர் ஃபேலே மோர். ‘பெரிய சுற்றாடை’ என்று சொல்லலாம். அக்காலத் தறியின் அகலம் குறைவாதலால், இரண்டு துண்டுகளை நீளவாக்கில் இணைத்துப் போர்வை போல ஆக்கிக்கொள்வார்கள். அது ஏறத்தாழ 5 கெஜ நீளம் இருக்கும். அதைக் கையாலேயே கொசுவி, இடுப்பில் ஒரு வாரால் இறுக்கினால் கீழ்ப்பாதி முழங்கால் வரை தொங்கும். மேல்பாதியை இடத்தோளில் போட்டு ஊசி குத்திக்கொள்ளலாம். மழை வந்தால் தலைக்கு முக்காடாக்கலாம். வாரை அவிழ்த்தால் இரவுக்குப் போர்வை. மாடு மேய்க்கப் போனவன் மலைச்சரிவிலேயே அதைச் சுற்றிக்கொண்டு உறங்கிவிடுவான். ஒரே துணி அவனுக்கு உடையாகவும் கூரையாகவும் இருந்தது.

சிறிய கில்ட், அதாவது இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பகுதி மட்டும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலாயிற்று. இதைப் பற்றி ஒரு கதை உண்டு. 1720களின் இறுதியில் தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர் கிளென்கேரிப் பகுதியில் இரும்பு உருக்கும் ஆலை நடத்தினார். பெரிய ஆடையோடு உலைக்களத்தில் வேலை செய்வது தொல்லை என்று கண்டு, அதை இரண்டாக வெட்டி, கீழ்ப்பகுதியைத் தனியாக்கினாராம். 1785இல் அச்சான ஒரு கடிதம் இதைச் சொல்கிறது. ‘நம் தேசிய உடையை ஓர் ஆங்கிலேயனா கண்டுபிடித்தான்?’ என்று ஸ்காட்லாந்துக்காரர் கொதிப்பார்கள். அதற்கு முன்பே சிறிய கில்ட் இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. கண்டுபிடித்தவர் எவராயினும் எனக்குத் தோன்றுவது ஒன்றே: வேலை செய்கிறவனின் வசதிக்காகவே அந்த ஆடை குறுகியது. அன்றைக்கு அதுதான் நவநாகரிகம்!

அடுத்து வந்தது துயரம். 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் போர்க்களத்தில் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் படை முறியடிக்கப்பட்டது. அவர் பக்கம் நின்ற மலைநாட்டாரை அடக்க வேண்டுமென்று அதே ஆண்டில் இலண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கில்ட்டும் மலைநாட்டு உடையின் மற்றப் பகுதிகளும் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் தடை செய்யப்பட்டன. முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் 7 ஆண்டுகள் கடல் கடந்து நாடு கடத்தல். இடுப்பில் கட்டிய துணிக்காக! 1782இல்தான் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 36 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. தந்தை கட்டியதை மகன் பார்த்துக் கற்கும் வழக்கம் அறுந்துபோக அது போதும். தடை நீங்கியபோது பெரிய சுற்றாடை அன்றாட வழக்கில் திரும்பி வரவில்லை.

இதில் ஒரு விந்தை என்னவென்றால், அரசின் இராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. மன்னனுக்கு எதிராகக் கட்டினால் குற்றம். மன்னனுக்காகக் கட்டினால் சீருடை. இவ்வாறு கில்ட் பிழைத்தது படைப்பிரிவுகளில்தான். படைக்கு எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆகவே நீளமும் மடிப்பும் விதிகளுக்கு உட்பட்டன. கொசுவத்தைத் தைத்து நிலைநிறுத்தும் வழக்கம் 1790களில் வந்தது. இன்று மரபு என்று நாம் காணும் வரிசையான கொசுவமும் முழங்கால் கணக்கும் பெரும்பாலும் பாசறை கொடுத்தவை. அந்தப் பாசறை நம் தென்னாட்டையும் தொட்டது. 1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய படையில் 73, 74ஆம் மலைநாட்டுப் பிரிவுகள் இருந்தன. 1809இல், மற்ற இடங்களிலிருந்து சேரும் வீரர்கள் இந்த உடையை விரும்புவதில்லை என்று கூறி ஆறு பிரிவுகளிடமிருந்து கில்ட்டைப் பறித்துவிட்டார்கள். அந்த ஆறில் இவ்விரண்டும் அடங்கும். முதல் உலகப் போரில் பதுங்கு குழிச் சேறு கொசுவத்தில் அப்பிக்கொள்ள, பேன்கள் மடிப்புகளில் குடியேற, வீரர்கள் பட்ட பாடு தனிக்கதை. 1940இல் போர்முனையிலிருந்து கில்ட் விலக்கப்பட்டு, அணிவகுப்போடு நின்றுவிட்டது.

பாசறை ஒரு பக்கம் என்றால் அரண்மனை மறுபக்கம். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பின் சூத்திரதாரி நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னரே கில்ட் அணிந்தார். கால்களுக்குத் தோல் நிறத்தில் இறுக்கமான உறை வேறு! கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல வேட்டை. அதுவரை கில்ட்டை மாட்டுத் திருடரின் உடை என்று இகழ்ந்த தாழ்நிலத்துச் செல்வரும் அன்று தையற்காரரைத் தேடி ஓடினர். பின்னர் இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்ற பட்டியல்கள் வந்தன. 1703இல் மேற்குத் தீவுகளைப் பற்றி நூல் எழுதிய மார்ட்டின் மார்ட்டின், துணியின் கட்டத்தைக் கொண்டு ஒருவனுடைய ஊரை அறியலாம் என்றுதான் சொன்னார், குலத்தைச் சொல்லவில்லை. 1842இல் இரண்டு சகோதரர்கள் பழஞ்சுவடி என்று காட்டி வெளியிட்ட குலக்கட்ட நூல் போலி என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் அதில் கண்ட கட்டங்கள் சிலவற்றை இன்றும் குலச்சொத்தாகப் போற்றுகிறார்கள். வரலாற்றறிஞர் ஹ்யூ டிரெவர்-ரோப்பர் 1983இல் வெளியான கட்டுரையொன்றில் இதையெல்லாம் ‘புனைந்த மரபு’ என்று வெளுத்து வாங்கினார்.

எனக்குக் கோபம் வருவது போலிச் சுவடியின் மேல் அன்று. எடின்பரோவில் கனவான்கள் மலைநாட்டு உடையில் நடனமாடிய அதே தலைமுறையில், மலைநாட்டில் ஆட்டுப் பண்ணைகளுக்காக ஊர் ஊராகக் குடியானவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். சதர்லாந்தில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு 1814இலும் 1819இலும் காலி செய்யப்பட்டது. உடையை எடுத்துக்கொண்டு, உடுத்தியவனை விரட்டிவிட்டார்கள். ‘மரபு’ என்று யாரேனும் உரத்த குரலில் பேசும்போது எனக்கு இந்தப் பள்ளத்தாக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

இனிப் புதுமைக்காரர்களைக் காண்போம். 1990களில் எடின்பரோவில் ஹௌவி நிக்கல்ஸ்பி என்னும் இளந்தையற்காரர் டெனிம் துணியிலும் தோலிலும், கோட்டுத் துணியிலும் கில்ட் தைக்கத் தொடங்கினார். அவர் கில்ட் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. 2000இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பக்கங்களில் பெரிய பைகள் வைத்த, முரட்டுப் பருத்திக் கில்ட்டுகள் விற்பனைக்கு வந்தன. பை வந்த பிறகு ஸ்போரன் எதற்கு? ஸ்காட்லாந்துக் கால்பந்து ரசிகர்களோ, முறையான டார்ட்டன் கில்ட்டுக்கு மேலே ஆட்டக்காரர் சட்டை, கீழே கனத்த காலணி, சரிந்து கிடக்கும் காலுறை என்று ஊர் ஊராகத் திரிகிறார்கள். 2009 முதல் அரசே டார்ட்டன் பதிவேடு நடத்துகிறது. புதிய கட்டம் வரைந்து முறைப்படி யாரும் பதிவு செய்துகொள்ளலாம். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

நான் யார் பக்கம்? திருமணத்துக்கு ஒரு நாள், வாடகைக் கடையில் குறுஞ்சட்டை முதல் கத்தி வரை மொத்தமாக எடுத்து, மறுநாள் திருப்பிக் கொடுக்கும் கில்ட்டைத்தான் அங்கே மரபுடை என்கிறார்கள். டெனிம் கில்ட் கட்டியவன் அதோடு கடைக்குப் போகிறான், மிதிவண்டியைப் பழுது பார்க்கிறான், மழையில் நனைகிறான். மாடு மேய்த்த அந்தப் பழைய மலைநாட்டானுக்கு நெருங்கியவன் இவனே என்று நான் நினைக்கிறேன். நம் ஊரில் ஒட்டுப்பட்டையும் பையும் வைத்த வேட்டி வந்தபோது எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்! இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அதைத்தான் கட்டுகிறார்கள்.

ஆனால் சுற்றுலாக்காரர்களுக்காக மலிவான செயற்கை இழையில் இயந்திரம் அடித்துத் தள்ளும் கில்ட்டைப் புதுமைக் கணக்கில் சேர்க்க நான் உடன்படமாட்டேன். அதில் மடிப்பு இருக்கும்; கட்டம் பொருந்தாது. நடந்தால் விரியாது, தொய்ந்து தொங்கும். கைத்தையல் கில்ட்டை அந்த விலைக்குத் தரவும் முடியாது. எட்டுக் கெஜக் கம்பளியும் பல நாள் உழைப்பும் அதில் அடங்கியிருக்கின்றன. ஏழை மேய்ப்பனின் உடை அவன் பேரனுக்கு எட்டாத விலையில் நிற்பது என்ன நியாயம் என்று கேட்டால், என்னிடம் விடை இல்லை. ஒன்று மட்டும் தெரியும்: நல்ல கில்ட் ஒரு ஆளோடு முடிவதில்லை. அதன் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை; தறியில் நெய்த கரையே விளிம்பு. இடுப்பில் பொத்தான் கிடையாது, தோல்வாரும் கொக்கியும்தான். தாத்தாவின் கில்ட் பேரனுக்கு வரும்போது துணியில் கத்தரி வைக்க வேண்டியதில்லை. தையலைப் பிரித்து, கொக்கியை இரண்டு அங்குலம் தள்ளித் தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.