பூநகரி வழியே மன்னாருக்கு

யாழ்ப்பாணத்தினின்று மன்னார் செல்வோர்க்கு வழிகள் இரண்டு. கண்டி வீதியாற் சென்று வவுனியாவிலே திரும்புவது ஒன்று. நாவற்குழியிற் பிரிந்து பூநகரியூடாக மேற்குக் கரையைத் தழுவிச் செல்வது மற்றொன்று. ஏ-32 என்னும் இலக்கம் பெற்ற இவ்விரண்டாம் வழி நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அதனை நாமும் எம்முடன் கற்பிக்கும் நண்பரொருவரும் ஆளுக்கொரு மோட்டார்ச் சைக்கிளிற் கடந்தோம்.

தனங்கிளப்பைத் தாண்டியதும் இருமருங்கும் கடல்நீரேரி விரிகின்றது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே ஒருகாலத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவையே மக்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்தது. 2011ஆம் ஆண்டு சனவரியிலே பாலம் திறக்கப்பட்டபின் அக்கடப்பு சில நிமிட வேலையாயிற்று. பாலத்தின்மீது நின்று உப்புக் காற்றை நுகர்வது மனிதருக்கு இன்பமே. வண்டிக்கோ அது பகை. நீரேரியோரம் நாள்தோறும் ஓடும் வண்டியின் சங்கிலியை அடிக்கடி துடைத்து ஒயில் இடாவிடின் துருவேறும். சங்கிலியின் கீழ்ப்பகுதியை நடுவிலே விரலால் உயர்த்திப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை அசைதல் வேண்டும். அதனின் மிகுந்தாற் பற்சக்கரத்தினின்றும் கழலக்கூடும். குறைந்தால் விரைவிலே தேயும்.

போர்த்துக்கேயர் கட்டிப் பின்னர் ஒல்லாந்தர் கைப்பட்ட பூநகரிக் கோட்டையின் சிதைவுகளைக் கண்டு தெற்கு நோக்கினோம். முழங்காவில், வெள்ளாங்குளம் என ஊர்கள் வருகின்றன. ஊர்களுக்கிடையே பற்றைக்காடும் வெயிலுமே துணை. வெள்ளாங்குளத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றவிடத்து, வீதியோரம் ஓர் இளைஞர் தம் வண்டியை மீண்டும் மீண்டும் உதைத்துக்கொண்டு நின்றார். பின்னிருக்கையிலே மீன்பெட்டி கட்டப்பட்டிருந்தது. அதன் மூலையினின்று பனிக்கட்டி உருகிய நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாச்சிக்குடாவிலயிருந்து வாறன் ஐயா. மன்னாருக்குப் போகவேணும். ஓடிக்கொண்டு வந்தது அப்பிடியே நிண்டுபோச்சு. கொஞ்சம் பொறுத்து உதைச்சால் பிடிக்குது, திரும்பவும் நிக்குது” என்றார்.

அப்பெட்டிக்குள் இருந்தது ஓரிரவின் உழைப்பு. பனிக்கட்டி கரைந்தால் மீனுக்கு விலை இல்லை. படகுக்கு ஊற்றிய எண்ணெயின் கடனோ கரையாது.

எந்தப் பெற்றோல் இயந்திரமும் இயங்குதற்கு வேண்டுவன மூன்று: எரிபொருள், காற்று, தக்க வேளையில் ஒரு தீப்பொறி. ஆதலின் ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். கண்டதையெல்லாம் கழற்றுதல் ஆகாது. தாங்கியை அசைத்துப் பார்த்தோம். பெற்றோல் அரைவாசிக்கு மேல் இருந்தது. நண்பர் பிளக்கைக் கழற்றினார். அதன் முனை மண்ணிறமாய் இருந்தது. நல்ல எரிதலுக்கு அதுவே அடையாளம். உலர்ந்த கரி படிந்திருப்பின் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். ஒயிற் பசை இருப்பின் உள்ளே தேய்வு உண்டு. வெள்ளை வெளேரென்றிருப்பின் இயந்திரம் மிகச் சூடாகின்றது. பிளக்கை அதன் மூடியிற் பொருத்தி, உலோகப் பகுதி இயந்திரத்திலே படும்படி வைத்து உதைத்தோம். நீலப்பொறி தெறித்தது. பெற்றோல் சிந்திய இடத்தில் இச்சோதனையை ஒருபோதும் செய்தலாகாது.

பொறி உண்டு, இத்தனை முறை உதைத்தும் பிளக் நனையவில்லை. எனவே தாங்கியிலுள்ள பெற்றோல் கீழே வரவில்லை என்பது தெளிவு. காபரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றித் திருகைத் திறந்தோம்; சில துளிகள் விழுந்தன, பின் நின்றன. நண்பர் தாங்கியின் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்தது. குழாயில் பெற்றோல் தாரையாய் ஓடிற்று!

மூடியிலே ஊசிமுனையளவான துவாரம் ஒன்று உண்டு. பெற்றோல் இறங்குமிடத்தை நிரப்பக் காற்று அதன் வழியாகவே புகவேண்டும். செம்மண் தூசி அதனை அடைத்துவிட்டது. உள்ளே அமுக்கம் குறைய, வெளியமுக்கம் பெற்றோலை இறங்கவிடாது தடுத்தது. சற்றுப் பொறுத்தால் காற்று மெல்லக் கசிந்து புகும். வண்டியும் சிறிது ஓடும். மெல்லிய கம்பியால் துவாரத்தைத் துப்புரவாக்கிக் குழாயை மீளப் பொருத்தினோம். இரண்டாம் உதையிலே வண்டி முழங்கிற்று. “பெரிய உபகாரம் ஐயா” என்றவர், பெட்டிக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு விரைந்தார்.

இலுப்பைக்கடவை கடந்து, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தக் கரையிலே இளைப்பாறினோம். மாலையில் மன்னார்த் தீவை அடைந்து, பள்ளிமுனையில் உள்ள பெருக்குமரத்தையும் கண்டோம். அராபிய வணிகர் கொணர்ந்த இனம் என்பது மரபு.

மாணவர்க்கு ஒரு சொல். வளிமண்டல அமுக்கம் என்பது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமன்று. வெள்ளாங்குளத்து வெயிலிலே ஒரு குடும்பத்தின் நாட்கூலி அதனைப் பற்றி நின்றது. இவ்வழி செல்வோர் பிளக் திறப்பான், மெல்லிய கம்பி, ரியூப் ஒட்டும் பசை, காற்றடிக்கும் பம்பு, குடிநீர் ஆகியவற்றை உடன் கொள்க. வீதியோரம் ஒருவர் வண்டியுடன் நிற்கக் கண்டால் நீங்களும் நிறுத்துக. அடுத்த கராச் வெகுதூரம்.