ஆச்சிக்கு வந்த காய்ச்சல்

மே மாதம் வந்தால் எங்கள் பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் திருவிழா. இளவட்டங்கள் கையில் ஜோதியை ஏந்திக்கொண்டு ஊர் ஊராக ஓடி வருவார்கள். 15 வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் கிடையாது. கோவில்பட்டிக்கோ அது ஹாக்கி மாதம். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு அகில இந்திய அணிகள் வந்து இறங்கும். சின்னப் பையன்களுக்கு ஒரு பக்கம் கோடை முகாம் நடக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் திருவிழாவுக்கும் முகாமுக்கும் நடுவில் என் பேரன் மாட்டிக்கொண்டான். அவனோடு நானும் மாட்டிக்கொண்டேன்.

மகள் குடியிருப்பது கோவில்பட்டியில். பேரன் ஆறாம் வகுப்பிலிருந்து மட்டை பிடிக்கிறான். அவனுடைய பயிற்சியாளர் கறாரான மனிதர். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். ஐந்து நிமிஷம் பிந்தினால் பத்துச் சுற்று ஓட்டம். சித்தி வீட்டுக் காதுகுத்து, சிநேகிதன் பிறந்தநாள், புதுப்படம் என்று எதைச் சொன்னாலும் "சார் விட மாட்டாரு தாத்தா" என்பான். கடைசியில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், "அவனைக் கூப்பிடாதீங்கல, எப்படியும் வர மாட்டான்" என்று எவனோ எழுதிவிட்டான். அதை என்னிடம் காட்டும்போது பையன் முகம் சுண்டிப்போயிருந்தது.

பயிற்சியாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாங்கள் கரிசல் பொட்டலில் ஆடியவர்கள். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, பந்து வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பையை வாங்கியபோது ரேடியோவைச் சுற்றி நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மறு வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்லை விரித்தார்கள். நமக்கு ஏழாவது இடம்தான் கிடைத்தது. இன்றைக்குக் கோவில்பட்டியிலேயே செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. அதில் பந்து பறக்கிற வேகத்துக்கு ஈடுகொடுக்க நெஞ்சில் மூச்சு வேண்டும். 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் மாரீஸ்வரனும் கார்த்தியும் ஆடினார்கள். இரண்டு பேருமே கோவில்பட்டி மைதானத்தில் பழகிய பிள்ளைகள். முதல் ஆட்டத்திலேயே கார்த்தி பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். "அந்த மாதிரி வரணும்னா சும்மா வருமா ஐயா?" என்று பயிற்சியாளர் கேட்டால் எனக்குப் பதில் கிடையாது.

ஆனால் எனக்குள்ளே ஒரு பழைய முள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கும் இப்படி ஒரு விளையாட்டு வாத்தியார். கூட்டாளிகளோடு பொருட்காட்சிக்குப் போன குற்றத்துக்காக அணியை விட்டு எடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் நான் அப்புறம் மட்டையைத் தொடவே இல்லை. இந்தக் கசப்பு பேரனுக்கும் வந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு போன் போடுங்க தாத்தா. ஆச்சிக்கு உடம்புக்கு முடியலன்னு சொன்னாப் போதும்" என்றான்.

38 வருஷம் தபால் ஆபீசில் ஒரு பைசாப் பொய்க்கணக்கு எழுதாதவன் நான். போட்டேன் போனை. "காய்ச்சல் தம்பி, பேரனைப் பார்க்கணுங்கிறா" என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "உடனே அனுப்புறேன்யா. ரெண்டு நாள் கூட இருந்து பார்த்துட்டு வரட்டும்" என்றார். போனை வைத்தபோது கை வேர்த்திருந்தது.

பையன் ஜோதி தூக்கி ஓடினான். கோயில் வாசலில் கூட்டாளிகள் தோளில் கைபோட்டு நின்ற அவன் முகத்தைப் பார்த்ததும் செய்தது சரிதான் என்று தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பயிற்சியாளர்! கையில் ஒரு பை சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். என் மனைவி முற்றத்தில் மிளகாய் வத்தலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கென்ன தம்பி, கல்லு மாதிரி இருக்கேன். நீங்க யாரு?"

அவர் பேரனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒளிக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கொடுத்த மோரை வாங்கி, நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "ஐயா, பையன் பொய் சொன்னா பத்துச் சுற்று ஓட விடுவேன். நீங்க சொன்னா நான் என்ன செய்யட்டும்?"

தலை குனிந்தேன். அவர் பையன் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா சார்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "விட்டிருக்க மாட்டேன்" என்றார். பொய் சொன்ன வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் உண்மையைச் சொன்னார். சாத்துக்குடியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் பேரனை வெளியே உட்காரவைத்தார். மகளுக்கு வருத்தம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஜூன் மாதம் பையன்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாராம். வருஷத்தில் இரண்டு நாள், எது வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். காரணம் கேட்கப்படாது. பேரன் முதல் வரியில் எழுதியது சக்கதேவி திருவிழா. இரண்டாவது, கூட்டாளியின் அக்கா கல்யாணம்.

போன வருஷத் திருவிழாவில் அனுமதியோடு ஓடினான். மறுநாள் ஐந்தரைக்கு, கொப்புளம் கண்ட காலோடு மைதானத்தில் நின்றான். ஐந்து நிமிஷம் பிந்தியவனுக்கு இன்றைக்கும் பத்துச் சுற்றுதான்.

என் வீட்டில்தான் இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. "கல்லு மாதிரி இருந்தவளைப் படுக்க வச்ச ஆளு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். அன்றைக்கு அந்தச் சாத்துக்குடியில் ஒன்றைக்கூட என்னால் தின்ன முடியவில்லை.