நூற்றுக்கு ஐம்பத்து மூன்று

2025 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் திகதி, ஞாயிறு இரவு, அட்டன் நகரை அடுத்த எமது வாடகை அறையில் கைப்பேசியை உற்று நோக்கியவாறு அமர்ந்திருந்தோம். இலண்டன் விம்பிள்டனில் ஆடவர் இறுதியாட்டம். இத்தாலியின் யானிக் சின்னரும் ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராசும் பொருதனர். அல்கராஸ் மீது நாம் 2,700 ரூபாய் கட்டியிருந்தோம். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி அது கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியின் இரண்டு முழுப் பேர். நிறை குறைந்து அரைப் பேர் விழுமாயின் நான்கு நாள். இக்கணக்கு பணத்தைக் கட்டும்போது எமக்குத் தோன்றவில்லை.

எமது நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. ஐந்து வாரங்களுக்கு முன்னர் பாரிசில் இதே இருவரும் 5 மணி 29 நிமிடங்கள் ஆடினர். தோல்விக்கு ஒரே புள்ளி எஞ்சிய நிலையை மும்முறை கடந்து அல்கராஸ் வென்றார். அன்றியும், விம்பிள்டன் பட்டத்தை 2023 இலும் 2024 இலும் வென்றவர் அவரே. முதல் செட்டை 6-4 என அவர் எடுத்தபோது, வரப்போகும் பணத்தில் வாங்க வேண்டிய நூல்களைக் கூட எண்ணத் தொடங்கினோம். அடுத்த மூன்று செட்டுகளையும் 6-4, 6-4, 6-4 எனச் சின்னர் எடுத்துக்கொண்டார். நள்ளிரவுக்குச் சற்று முன்னர் எல்லாம் முடிந்தது.

பணம் போனதை விட எம்மை வருத்துவது வேறொரு நாள். ஜூலை 7 அன்று பல்கேரியாவின் கிரிகோர் டிமிட்ரோவ் சின்னருக்கெதிராக இரண்டு செட்டுகளை வென்று, மூன்றாவதில் 2-2 என நின்றவேளை, மார்புத் தசை காயமுற்றுத் தரையில் விழுந்தார். கண்ணீருடன் ஆட்டத்தைத் துறந்தார். அரங்கமே துயருற்றது. நாமோ, வீரர் விலகினால் கட்டிய பணம் என்னாகும் என்று விதிகளைத் தேடிக்கொண்டிருந்தோம். சில நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தரும். சில, ஒரு செட் முடிந்திருந்தாலே அடுத்த சுற்றுக்குச் செல்பவரை வென்றவராகக் கொள்ளும். அன்றைய ஆட்டத்தில் நாம் ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை என்பதே விந்தை.

பந்தயம் இம்மலைக்குப் புதிதன்று. நுவரெலியாவில் 1875 முதல் குதிரைகள் ஓடின. மறு ஆண்டே துரைமாரின் ஹில் கிளப் தோன்றிற்று. துரைமார் பங்களாக்களின் டென்னிஸ் தரைகளில் பந்து பொறுக்கியவர்கள் லயத்துச் சிறுவர்கள்; எம் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். பந்தைத் தொடலாம், மட்டையைத் தொடலாகாது என்பது அக்காலச் சட்டம் என்பார். இன்று சம்பள நாளன்று புக்கிக் கடைகளில் நிற்கும் எம்மவர் பலர் இங்கிலாந்துக் குதிரைகளின் பெயர்களைப் பிழையின்றி உச்சரிக்கின்றனர். அரசும் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இத்தொழிலிடமிருந்து வரி பெறுகிறது. ஏழையின் மடி எத்தனை கைகளுக்குத்தான் இடங்கொடுக்கும்!

தோற்ற மறுவாரம் வகுப்பில் திருக்குறளின் 94 ஆம் அதிகாரமாகிய சூதினை விளக்க நேர்ந்தது. “ஆட்டக்காரரின் திறமையைப் பார்த்துக் கட்டினால் அது எப்படிச் சேர் சூதாகும்?” என்று ஒரு மாணவன் வினவினான். நாம் தமிழ் படித்தவர். கணக்கு எமது துறையன்று. ஆயினும் வெண்கட்டியை எடுத்தோம். சமவலிமையுள்ள இருவர் ஆடுகின்றனர். இருவருக்கும் விலை 1.90. ஒருவர் மீது ஒருவன் 100 ரூபாயும், மற்றவர் மீது இன்னொருவன் 100 ரூபாயும் கட்டுகின்றனர். கடைக்காரனிடம் 200 சேர்கிறது. எவர் வென்றாலும் அவன் கொடுப்பது 190. அவன் எந்த வீரரையும் நம்பவில்லை. இருவரும் கட்டுவதையே நம்புகிறான். பந்தயம் கட்டுபவன் முதலுக்கு மோசமின்றி நிற்பதற்கே நூற்றுக்கு ஐம்பத்து மூன்று முறையேனும் வெல்ல வேண்டும்.

வகுப்பு அமைதியுற்றது. எமது விளக்கம் பலித்தது என்று மகிழ்ந்தோம். வெளியே வருகையில் அம்மாணவன் பின்னால் வந்து, “அப்போ ஐம்பத்து நாலு முறை வென்றா லாபம்தானே சேர்?” என்றான். அவனது அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் வென்றவையும் தோற்றவையும் நிரல் நிரலாக எழுதப்பட்டிருந்தன. எச்சரிக்கையாக நாம் எழுதிய எண்ணை அவன் இலக்காக எடுத்துக்கொண்டான். செப்டெம்பர் 7 அன்று நியூயோர்க்கில் அல்கராஸ் சின்னரை வென்றபோது அவனும் வென்றான். தாய்க்கு ஒரு மழையங்கி வாங்கிக் கொடுத்தான் என்று கேள்வியுற்றோம். வென்றவனைக் கடிந்துகொள்ள எமக்கு வாய் வரவில்லை. தோற்றவர் பேச்சு அங்கே செல்லுமா?

பெற்றோர் கூட்டத்துக்கு அத்தாய் பெரட்டில் சொல்லிவிட்டு, அரைப் பேரை இழந்து வந்திருந்தார். விரல்களில் கொழுந்துக் கறை. அந்த மழையங்கியைத்தான் அணிந்திருந்தார்.

“ராத்திரி முழுக்கப் போனும் கொப்பியுமாத்தாங்க சேர் இருக்கான். கேட்டா, நீங்க சொல்லிக்குடுத்த கணக்குன்னு சொல்றான். அப்படிங்களா?”

எமது 2,700 ரூபாய் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் மகனைப் பற்றி மட்டும் எவ்வாறு சொல்வது என்று தடுமாறினோம்.

“ஆமாம் அம்மா, கணக்குத்தான்” என்றோம்.