பிளாச்சிமடா: ஓர் ஊரும் அதைப் படம்பிடித்த நண்பரும்

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகக் கேரள எல்லையைத் தாண்டினால், கொஞ்ச தூரத்திலேயே பிளாச்சிமடா வந்துவிடும். பாலக்காடு மாவட்டம் என்றாலும், இங்கே தமிழும் சகஜமாகக் காதில் விழும். தென்னை, பனை, நெல்வயல் என்று கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தாலும், கேரளத்தின் மற்ற பகுதிகளைப்போல இங்கே மழை கொட்டாது. குடிக்கக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்த ஊர் இது.

2000-ம் ஆண்டில் இங்கே கோகோ கோலா ஆலை வந்தது. அதன்பிறகு கிணறுகள் வற்றிப்போனதாகவும், மிச்சமிருந்த தண்ணீரும் குடிக்க லாயக்கில்லாமல் போனதாகவும் மக்கள் புகார் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22-ம் தேதி ஆலைக்கு எதிரே போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர், எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா.

அந்தப் போராட்டத்துக்குக் கேமராவோடு வந்தவர் ஆவணப்பட இயக்குநர் சி.சரத்சந்திரன். நண்பர்களுக்கு சரத். மாவூர் ரேயான் ஆலையால் பாழான சாலியாறு பற்றி ஏற்கெனவே படம் எடுத்திருந்தவர். பிளாச்சிமடாவுக்குத் திரும்பத் திரும்ப வந்து, பி.பாபுராஜுடன் சேர்ந்து 2006-ல் ஆவணப்படமாக்கினார். 'ஆயிரம் நாள்களும் ஒரு கனவும்' என்பது அதன் தலைப்புக்குப் பொருள்.

படம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று அவர் உட்காரவில்லை. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தன்னுடையது மட்டுமல்லாமல் மற்றவர்களின் படங்களையும் திரையிட்டார், மக்களோடு பேசினார். படம் எடுக்க ஆசைப்பட்ட இளைஞர்கள் பலருக்கு அதுதான் வகுப்பறை.

ஆலை 2004 மார்ச்சில் மூடப்பட்டது. ஊருக்கு 216.26 கோடி ரூபாய் இழப்பு என்று கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010 மார்ச்சில் கணக்குக் கொடுத்தது. அதே மாதம் 31-ம் தேதி, ரயிலிலிருந்து விழுந்து சரத் இறந்துபோனார். மயிலம்மா அதற்கு முன்பே, 2007-ல் காலமாகியிருந்தார். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

திருச்சூரில் நடந்த 'விப்ஜியோர்' திரைப்பட விழாவில் சரத் பெயரில் நினைவுச் சொற்பொழிவு வைத்தார்கள் நண்பர்கள். அவருக்கு அஞ்சலி செலுத்த இன்னொரு வழி, அவர் செய்ததையே செய்வது: நாலு பேரைக் கூட்டி, அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது.

அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலையையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆலை வருவதற்கு முன்னால் கிணறு எப்படி இருந்தது, யார் யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பதிவுசெய்ய ஒரு சரத் எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை.

பொள்ளாச்சி, மலம்புழா பக்கம் போகிறவர்கள், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு பிளாச்சிமடாவில் இறங்குங்கள். மூடிக்கிடக்கும் ஆலைக்கு எதிரே நிற்கும்போது, மயிலம்மாவின் குரல் நிச்சயம் நினைவுக்கு வரும்.