ஏடு மாறினாலும் எழுத்து வாழட்டும்

சோமனூரின் தறியோசைக்கிடையே மர்ஹூம் என் அத்தா சீறாப்புராணத்திற்கு எழுதிய விளக்கங்களைப் பல்லாண்டுகளுக்கு முன் கணினியில் ஏற்றினேன். கையேட்டைக் கரையான் தின்றுவிட்டது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால், விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவினேன். கோப்பைத் திறந்ததும் நெஞ்சம் பதறியது. தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கிலக் குறிகள்! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டிய பழைய எழுத்துரு அழிந்திருந்தது. யூனிகோடுக்கு மாற்றியபின் அத்தாவின் சொற்கள் அல்லாஹ்வின் அருளால் மீண்டன.

உமறுப்புலவரின் 5027 பாடல்களை ஏடுகளிலிருந்து திரட்டி, 1842இல் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றியதன் அருமை அன்றே புரிந்தது.

உங்கள் இல்லத்துப் பழைய கோப்புகளை இன்றே திறந்து பாருங்கள்!