வழியாகவா, உடனா?

கிறிஸ்தவர்களின் ஜெபத்தில் நான் காது கொடுத்துக் கேட்பது அதன் முடிவை. நடுவில் மகளுக்கு வரன், வயலுக்கு மழை, கடன் தீர ஒரு வழி என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். முடிக்கிற இடத்தில் மட்டும் மனப்பாடமாக ஒன்று வரும். எங்கள் சி.எஸ்.ஐ. வீட்டில் இயேசுவின் நாமத்தில் பிதாவிடம் கேட்டு ஆமென் சொல்வோம். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பாட்டி செபமாலையில் பத்து மணி உருட்டி முடித்ததும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவருக்கும் ஒரே வரிசையில் மகிமை சொல்வார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட சித்தியோ ஆவியானவரையே நேராக 'வாரும்' என்று கூப்பிடுவார். மூவரும் ஒரே கடவுளிடம்தான் பேசுகிறோம் என்பார்கள். ஆனால் ஒரு ஜெபத்தில் இயேசு போகிற வழி, இன்னொன்றில் போய்ச் சேருகிற இடம். இதில் எது பழையது, எப்போது இரண்டாகப் பிரிந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் என்னை ஆதித் திருச்சபைத் தந்தையரின் நூல்கள் பக்கம் இழுத்தது.

திரித்துவத்தை விளக்கச் சொன்னால் ஞாயிறு பள்ளியில் தண்ணீர், ஐஸ்கட்டி, நீராவி என்பார்கள். ஒரே பொருள், மூன்று நிலை. பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். ஆனால் சபெல்லியுஸின் பெயரில் 3-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை தள்ளிவைத்த விளக்கத்துக்கு இது அடுத்த வீடு. கார்த்தேஜ் ஊர்த் தெர்துல்லியன் 213 வாக்கில் பிரக்செயாஸ் என்பவரை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். அப்படியானால் சிலுவையில் அறையப்பட்டது பிதாவா என்று அதில் நையாண்டி செய்கிறார். ஜெபத்தின் பக்கம் நின்று பார்த்தாலே இது சரிப்படாது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தரையில் விழுந்து பிதாவிடம் மன்றாடுகிறார். ஐஸ்கட்டி நீராவியிடம் மன்றாடுமா?

என் கேள்வியை அப்படியே தலைப்பாக வைத்ததுபோல ஒரு நூல் கிடைத்தது. கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் பேராயர் பசிலியார் பரிசுத்த ஆவியைப் பற்றி எழுதியது. அந்த ஊர் இன்று துருக்கியின் கைசேரி. 374 வாக்கில் மக்களோடு ஜெபித்தபோது மகிமை செலுத்தும் வாக்கியத்தை அவர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை, குமாரன் வழியாகப் பரிசுத்த ஆவியில் பிதாவுக்கு மகிமை. இன்னொரு தடவை, குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும்கூடப் பிதாவுக்கு மகிமை. கூட்டத்தில் சிலர் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக எதையோ நுழைக்கிறார், அதிலும் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்று சலசலப்பு. இக்கோனியாவின் பேராயர் அம்பிலோக்கியுஸ் விளக்கம் கேட்டார். பசிலியார் 30 அதிகாரங்களில் பதில் எழுதினார். இரண்டு சின்னச் சொற்களுக்காக ஒரு முழு நூல்.

அந்தச் சொற்களில் அப்படி என்ன இருந்தது? ஏத்தியுஸ் என்ற வாதத் திறமைசாலி ஒரு விதி சொல்லிவைத்திருந்தார்: வேறு வேறு சொல்லால் குறிக்கப்படுபவை இயல்பிலும் வேறு வேறு. வேதத்தில் பிதாவிடம் 'இருந்து' எல்லாம் வருகிறது, குமாரன் 'வழியாக' நடக்கிறது, ஆவி 'இல்' நிகழ்கிறது. ஆகவே மூன்று சொல், மூன்று தரம். பசிலியார் இதன் வேரைத் தோண்டிப் பார்க்கிறார். செய்கிறவனுக்கு ஒரு சொல், கருவிக்கு ஒரு சொல், இடத்துக்கும் காலத்துக்கும் ஒரு சொல் என்று பிரித்தவர்கள் கிரேக்கத் தத்துவக்காரர்கள். அந்தக் கணக்கைத்தான் இவர்கள் கடவுள்மேல் போடுகிறார்கள் என்கிறார். குமாரன் ஒரு கருவி, ஆவி ஒரு இடம் என்று ஆகிவிடுகிறது. பிறகு வேதத்திலிருந்து வசனம் வசனமாக எடுத்து, 'வழியாக' பிதாவுக்கும் வருகிறது, 'இருந்து' குமாரனுக்கும் வருகிறது என்று அடுக்குகிறார். சில அதிகாரங்கள் இலக்கண வகுப்பு மாதிரியே போகும். பொறுமை வேண்டும்.

இந்தச் சண்டை செசரியாவில் முளைத்ததல்ல. அதற்கு முன்பே அந்தியோக்கியாவில் சபை பிளந்து கிடந்தது. 4-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே லெயொந்தியுஸ் என்ற வயதான பேராயர் இருந்தார். ஒரு சாரார் குமாரனுக்கும் ஆவிக்கும் சேர்த்து மகிமை பாடுவார்கள், இன்னொரு சாரார் குமாரன் வழியாக என்பார்கள். பேராயர் எந்தக் கட்சி என்று இரு தரப்பும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். அவர் அந்த இடம் வந்ததும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு, 'என்றென்றைக்கும்' என்ற கடைசிப் பகுதியை மட்டும் உரக்கச் சொல்வாராம். பக்கத்தில் நின்றவர்களுக்கும் நடுவில் சொன்னது கேட்காது. தன் நரைத்த தலையைத் தொட்டுக் காட்டி, இந்தப் பனி உருகினால் சேறுதான் என்றும் சொல்வாராம். பழைய திருச்சபை வரலாற்றாசிரியர்கள் அவரைக் கோழை என்ற தொனியில்தான் இதைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அவர்மேல் பரிதாபம் வந்தது. ஜெபத்தில் ஒரு சொல் உரக்க வந்தால் ஊர் இரண்டாகும் என்று அறிந்தவர் அவர்.

குமாரன் பிதாவோடு எப்போதும் இருந்தவரல்ல என்ற ஆரியுஸின் தரப்பிலும் வரலாறு எழுதினார்கள். பிலஸ்தோர்கியுஸ் என்பவர் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார். மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி மகிமை பாடும் வழக்கத்தை அந்தியோக்கியாவில் பிளாவியன் என்பவர்தான் தொடங்கினார். அதற்கு முன் 'வழியாக' என்பதே பெருவழக்கு. இது உண்மையானால் என் கேள்விக்குப் பதில் முடிந்துபோகிறது: 'வழியாக' பழையது, 'உடன்' கட்சிக்காகக் கட்டியது.

பழைய சாட்சிகளைப் பார்த்தால் அந்தப் பக்கம்தான் முதலில் பலமாகத் தெரிகிறது. 155 வாக்கில் ரோமில் எழுதிய யுஸ்தீன், தலைமை தாங்குபவர் குமாரனின், ஆவியின் பெயர் வழியாகப் பிதாவுக்குத் துதி ஏறெடுப்பதாக விவரிக்கிறார். ஜெபத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய ஒரிஜன், 233 வாக்கில், இன்னும் ஒரு படி மேலே போகிறார். முழுப் பொருளில் ஜெபம் பிதாவுக்கு மட்டுமே உரியது, தலைமை ஆசாரியரான இயேசுவிடம் அல்ல, ஆனால் அவரை விட்டுவிட்டும் அல்ல. 393-இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் கூடிய சங்கம், பலிபீடத்தில் நிற்கும்போது ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்கட்டும் என்று விதியே போட்டது. விதி போடுகிறார்கள் என்றால் மீறியவர்கள் இருந்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். ஒரிஜனே தன் மறையுரைகளில் உருகும்போது இயேசுவை நேராக அழைத்துவிடுகிறார்.

அந்த மீறலுக்கு வயது அதிகம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், கிறிஸ்து இறந்து கால் நூற்றாண்டு ஆகாத காலத்தது. கிரேக்கக் கடிதத்தின் கடைசியில் திடீரென்று அரமேயத்தில் 'மாரநாதா' என்று வருகிறது. இயேசுவை வரச் சொல்லும் அழைப்பு. கிரேக்கம் பேசுகிறவர்களுக்கும் பொருள் சொல்லாமலே விளங்குகிற அளவு பழகிப்போன ஜெபம். கல்லெறியப்படும் ஸ்தேவான் தன் ஆவியை ஒப்படைப்பது இயேசுவிடம். 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவை ஒரு தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்கு அறிக்கை அனுப்புகிறார். இதில் எனக்கு ஒரு சின்ன வேடிக்கை. குமாரன் யார் என்று தீர்மானிக்க 325-இல் பேராயர்கள் கூடிய நிசேயா இருப்பது அதே பித்தினியாவில்தான். நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. தோமா இந்தியா வந்ததைச் சொல்லும் 3-ஆம் நூற்றாண்டுச் சீரிய மொழி நூலான தோமாவின் பணிகளில் ஜெபங்கள் இயேசுவை நோக்கியே பாய்கின்றன. ஆவியை இரக்கமுள்ள தாயே என்று அழைக்கும் இடமும் இருக்கிறது. என் சித்திக்குச் சொன்னால் சந்தோஷப்படுவார்.

பிலஸ்தோர்கியுஸின் குற்றச்சாட்டை அடியோடு ஆட்டிவிட்டது ஒரு கிழிந்த துண்டு. எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளிலிருந்து அள்ளிய பாப்பிரஸ் குவியலில் 1786 என்ற எண் கொண்டது. 1922-இல் அச்சில் வந்தது. ஏறக்குறைய 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரம். ஒரு பக்கத்தில் தானியக் கணக்கு. கணக்கு பழசாகிப்போனதும் யாரோ அதன் பின்புறத்தில் ஒரு துதிப்பாடலை, எழுத்துகளுக்கு மேலே கிரேக்க இசைக் குறிகளோடு, எழுதிவைத்திருக்கிறார்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிகளுக்கு மேலே புள்ளியும் கோடுமாக ராகம் நிற்கிறது. இசைக் குறியோடு நமக்குக் கிடைத்திருக்கிற கிறிஸ்தவப் பாடல்களில் மிகப் பழையது இதுதான். விண்மீன்களும் ஆறுகளும் அமைதியாகட்டும், நாங்கள் பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் பாடும்போது சக்திகள் எல்லாம் ஆமென் சொல்லட்டும் என்பது அதன் சாரம். காலம் 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஆரியுஸ் சண்டை தொடங்கவில்லை. பிளாவியன் பிறக்கவுமில்லை. மூவரையும் ஒரே மூச்சில் பாடியவர் எந்தக் கட்சியிலும் இல்லாத, கணக்குத் தாளைப் புரட்டிப்போட்ட ஓர் எகிப்தியர்.

ஆக இரண்டும் பழையவை. பசிலியாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கேற்றும் நேரத்தில் மக்கள் பாடும் பாட்டைச் சாட்சிக்கு அழைக்கிறார். யார் எழுதியது என்று தெரியாத அளவுக்கு அது பழையது, அதிலும் மூவரும் சேர்ந்தே வருகிறார்கள் என்கிறார். மெசப்பத்தாமியாவிலிருந்து வந்த ஒருவர், தங்கள் மொழியில் 'உம்' போட்டுத்தான் இதைச் சொல்ல முடியும், வேறு வழியே இல்லை என்று சொன்னதையும் குறித்துவைக்கிறார். அவருடைய விடை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அவர் ஒன்றை வெட்டி மற்றொன்றை நாட்டவில்லை. கடவுளிடமிருந்து நமக்கு வருவதையும் நாம் அவரிடம் போவதையும் சொல்ல 'வழியாக'. அவர்கள் யார், எந்த மதிப்புக்கு உரியவர்கள் என்று சொல்ல 'உடன்'. ஒன்று நன்றி சொல்கிறவனின் சொல், மற்றது வணங்குகிறவனின் சொல்.

இதைப் படித்தபின் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8-ஆம் அதிகாரம் எனக்கு வேறு மாதிரி திறந்தது. சிறு வயதிலிருந்து கேட்ட அதிகாரம்தான். எப்படி ஜெபிப்பது என்று நமக்குத் தெரியாது, ஆவியே நமக்குள் சொல்ல முடியாத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்கிறார் பவுல். சில வசனம் தள்ளி, கிறிஸ்து பிதாவின் வலப்பக்கத்தில் நமக்காகப் பரிந்து பேசுகிறார். அப்படியானால் ஜெபிக்கிறவன் எங்கே இருக்கிறான்? உள்ளே ஒருவர் ஜெபிக்கிறார், முன்னே ஒருவர் பரிந்து பேசுகிறார், கேட்பவர் ஒருவர். அவன் தொடங்கிய பேச்சே அல்ல இது. 'அப்பா' என்ற சொல்கூட அவனுடையதல்ல. கெத்செமனேயில் இயேசு சொன்ன சொல் அது. குமாரனின் ஆவி நம் இருதயத்திலிருந்து அதையே கூப்பிடுகிறது என்று கலாத்தியருக்கு எழுதுகிறார் பவுல். பிதாவுக்கும் குமாரனுக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கும் உரையாடலுக்குள் ஆவி மனிதனைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்பதுதான் கிறிஸ்தவ ஜெபத்தின் அமைப்பு. திரித்துவம் யாரோ தத்துவ மேசையில் வரைந்து மக்களுக்குக் கொடுத்த கோட்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். நான் படித்தவரை அது தலைகீழ். மக்கள் முதலில் அப்படி ஜெபித்தார்கள். அந்த ஜெபம் பொய்யில்லை என்றால் கடவுள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பிறகு அறிஞர்கள் முட்டிமோதினார்கள்.

381-இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் விசுவாசப் பிரமாணத்தை விரித்தபோது, ஆவியைக் கடவுள் என்ற சொல்லால் நேராகக் குறிக்கவில்லை. பிதாவோடும் குமாரனோடும்கூட வணங்கப்பட்டு மகிமைப்படுத்தப்படுகிறவர் என்று வைத்தது. பசிலியார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். தன் நூல் முழுக்க அவரும் ஆவிக்குக் கடவுள் என்ற சொல்லைத் தவிர்த்தே எழுதினார். நழுவுகிறார் என்று துறவிகள் சிலர் அவரைக் குறைகூறவும் செய்தார்கள். ஆனால் செசரியாவில் சலசலப்பை உண்டாக்கிய அந்த 'உடன்', இன்று ஞாயிறுதோறும் ஆலயங்களில் எழுந்து நின்று சொல்கிற பிரமாணத்துக்குள் உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஜெபத்தில் 'ஆதியில் இருந்ததுபோல' என்று தொடரும் பின்பாதிக்கும் கதை உண்டு. கிரேக்கத் திருச்சபைகளில் அந்த ஆதி கிடையாது. இன்றைய பிரான்சின் தெற்கே வேசோன் ஊரில், ஆர்ல் பேராயர் செசாரியுஸ் தலைமையில் 529-இல் கூடிய சங்கம், குமாரன் பிதாவோடு எப்போதும் இருந்தவரல்ல, ஒரு காலத்தில் தொடங்கியவர் என்று சொல்பவர்களை முன்னிட்டு அதைச் சேர்க்கச் சொன்னது.

இந்தச் சண்டைக்கு ஒரு விலையும் இருந்தது என்று 1925-இல் எழுதினார் இன்ஸ்புருக் நகரத்து யேசுசபை அறிஞர் யோசப் யுங்மன். ஆரியுஸ் தரப்பு 'வழியாக'வைப் பிடித்துக்கொண்டதால் மற்றவர்கள் அதைத் தொடவே கூசினார்கள்; கிறிஸ்து மேலே மேலே உயர்ந்து, நம் பக்கம் நின்று நம்மோடு ஜெபிப்பவர் என்ற நினைவு மங்கியது; இடையில் விழுந்த பள்ளத்தைப் புனிதர்கள் வந்து நிரப்பினார்கள் என்பது அவர் வாதம். பின்னால் வந்தவர்கள், மக்களின் ஜெபத்தில் இயேசு தொடக்கத்திலிருந்தே நேராக அழைக்கப்பட்டார், யுங்மன் பலிபீடத்து ஜெபங்களையே அதிகம் பார்த்தார் என்று திருத்தினார்கள். திருத்தம் நியாயம்தான். ஆனாலும் நம் ஊர் ஜெபக் கூட்டங்களில் ஒரே ஜெபத்துக்குள் பிதாவே என்று தொடங்கி, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே என்று அவரிடமே சொல்லி முடிப்பதைக் கேட்கும்போதெல்லாம் யுங்மன் ஞாபகம் வரும். தெர்துல்லியனும்.

சொல் இன்னும் ஆறவில்லை. ஆங்கிலத் திருப்பலி ஜெபங்கள் பல ஆண்டுகளாக, பரிசுத்த ஆவியின் ஐக்கியத்தில் பிதாவோடு வாழ்ந்து ஆளுகிற குமாரன் வழியாக என்று சொல்லி, 'ஒரே கடவுள்' என்று முடிந்துவந்தன. லத்தீன் மூலத்தில் 'ஒரே' இல்லை என்று ரோம் சுட்டிக்காட்டியது. அங்கே இருப்பது 'கடவுள்' மட்டும், அதுவும் குமாரனைக் குறித்துச் சொன்னது. ஆரியுஸ் கட்சிக்கு எதிராக அவர் கடவுள்தான் என்று அழுத்தவே அந்தச் சொல் அங்கே வைக்கப்பட்டது. 'ஒரே' சேர்ந்ததும் அது மூவரையும் குறிப்பதுபோல ஆகி, மூலத்தின் குறி தப்பியது. 2021 பிப்ரவரி 17, சாம்பல் புதன் முதல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குருமார் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஆரியுஸ் இறந்து அப்போது 1,685 ஆண்டுகள் ஆகியிருந்தன.