நீரிழிவில் இழிவு இல்லை



நாலு பேர் நடுவே பேசத்தகாதவை என்று நம் முன்னோர் சிலவற்றை ஒதுக்கி வைத்தனர். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இத்திங்கள் எழுதத் துணிந்தோம். இரவில் பன்முறை சிறுநீர் கழிக்க எழும் தொல்லையே அது. பங்குக்குரு ஒருவர் எழுதத்தக்க பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தால் நாம் இழந்தது ஏறத்தாழ ஓர் ஆண்டு உடல்நலம். எம் கோயில்பிள்ளையின் துணைவியார் இழந்ததோ அதனினும் பெரிது. ஆகவே எழுதுகிறோம்.

அப்பொழுது எமக்கு வயது 53. கடலோரச் சிற்றூர் ஒன்றில் பங்குப் பொறுப்பேற்று இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. இரவு பத்து மணிக்குப் படுத்தால் விடியுமுன் நான்கு முறையேனும் ஐந்து முறையேனும் எழ வேண்டியிருந்தது. பழைய குருமனை ஆதலால் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது. பின்கதவில் துருவேறிய இரும்புத் தாழ்ப்பாள். அதனை நீக்கும்போதெல்லாம் ஊரை எழுப்புவது போன்ற ஓசை.

முதுமை எட்டிப் பார்க்கிறது என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இரவுணவோடு தண்ணீர் அருந்துவதை நிறுத்திப் பார்த்தோம். நாவு உலர்ந்து, நள்ளிரவில் கை தானே பானையைத் தேடியது. மறையுரையின் நடுவே வாய் வறண்டது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அரைமணி நேரம் அமர்வதற்குள் எழுந்து ஓடவேண்டும் போலிருக்கும். வரிசையில் நிற்போர் என்ன நினைப்பரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருப்போம். ஆறு திங்களில் ஏழு கிலோ எடை குறைந்தது, அங்கி தொளதொளத்தது. “சாமி தவக்காலத்தை நல்லா அனுசரிக்கிறாங்க” என்று மக்கள் புகழ்ந்தனர். அப்புகழ்ச்சியை மறுக்காமல் பெற்றுக்கொண்டோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

மருத்துவரிடம் ஏன் செல்லவில்லை? வெட்கம் ஒரு காரணம். அச்சம் மற்றொன்று. கோயில் கூரை வேலை பாதியில் நின்றது. “நோயாளிச் சாமியார்” என்ற பெயர் வந்துவிட்டால் ஆயர் பங்கை மாற்றிவிடுவாரோ என்று அஞ்சினோம்.

எம் கோயில்பிள்ளை எழுபதை நெருங்கியவர். விடியற்காலை மணி அடிக்க வேண்டியவர் ஆதலின் குருமனைத் திண்ணையிலேயே படுப்பார். ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளை மடித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: “சாமி, கோவிச்சுக்கிடாதீங்க. ராத்திரி அஞ்சு தடவை தாழ்ப்பாள் சத்தம் கேட்டுது. நேத்து மட்டுமில்ல, மூணு மாசமா எண்ணிக்கிட்டு வாறேன்.”

“வயதாகிறது அல்லவா?” என்று சிரித்து மழுப்பினோம். அவர் சிரிக்கவில்லை.

“எங்க வீட்டுலயும் அவ இப்படித்தான் சாமி எந்திரிச்சா. நான் முழிச்சிருவேன்னு சத்தங் காட்டாம இருட்டுல வெளிய போவா. எனக்குத் தெரியும். நானும் கேக்கல, அவளும் சொல்லல. கால்ல புண்ணு வந்து ஆறாம போனப்பதான் ஆசுபத்திரிக்குப் போனோம்.”

அந்தக் காலை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு ஆண்டுகளில் அம்மையாரும் மறைந்தார். நாம் அப்பங்கிற்கு வருமுன் நடந்தது இது. அதற்கு முந்திய நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் நினைவு நாளில், அவருடைய கல்லறையை நாமே மந்திரித்திருந்தோம். அவர் எதனால் இறந்தார் என்று ஒரு சொல் கேட்டதில்லை.

அன்று பிற்பகலே மருத்துவரிடம் சென்றோம். கோயில்பிள்ளையும் உடன் வந்தார். “இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், ஃபாதர்?” என்று மருத்துவர் கேட்டார். “இரண்டு முறை” என்றோம். வாயிலருகே நின்றவர், “அஞ்சு தடவைங்க” என்று திருத்தினார். உண்மை பேசுமாறு ஊருக்கு உபதேசித்த நாம் தலைகுனிந்தோம்.

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 212. உணவுக்குப் பின் 318. மூன்று திங்களின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 10.4. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1.சி. 6.5 அல்லது அதற்கு மேல் என்றாலே நீரிழிவு என்பது வரையறை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் உள்ள சர்க்கரையையும் பெரும்பகுதி நீரையும் மீண்டும் இரத்தத்திற்கே திருப்பி அனுப்புகின்றன. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், திருப்பி அனுப்ப இயலாத சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. நீர் குறைவதால் தாகம் எடுக்கிறது. நிறையக் குடிப்பதால் நிறையக் கழிக்கிறோம் என்று நாம் எண்ணியிருந்தோம். உண்மை நேர்மாறானது: நிறையக் கழிவதால்தான் நிறையக் குடிக்க நேர்ந்தது. தண்ணீரை நிறுத்திய எம் வைத்தியம் உடலை மேலும் உலர்த்தியதேயன்றி நோயைத் தொடவில்லை.

நீரிழிவு என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். இழிதல் என்றால் இறங்குதல், வழிந்து ஓடுதல் என்று பொருள். மலையினின்று அருவி இழிகிறது என்பர் புலவர். நீர் இழிந்தோடும் நோய் ஆதலின் நீரிழிவு என்று பெயரிட்டனர். நாமோ இழிவு என்ற ஒலியைக் கேட்டு, மானக்கேடான நோய் என்று மூடி மறைக்கிறோம். நோயில் இழிவு இல்லை; மறைப்பதில்தான் கேடு இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடி என்று அது கணித்தது. அப்படியாயின், ஞாயிறு திருப்பலியில் எந்த வரிசையிலும் ஒருவரேனும் இருக்கக்கூடும். ஆயினும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை.

நாம் சொல்லிவிட்டோம். முதலில் ஆயரிடம் சொன்னோம். “மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், கூரையையும் முடியுங்கள்” என்றார் அவர். இதற்காகவா ஓராண்டு அஞ்சினோம்! பின்னர் ஞாயிறு அறிவிப்புகளின்போது மக்களிடமும் சொன்னோம். வீடு சந்திக்கச் செல்லும்போது வீட்டுக்கொரு காப்பி என்பது பங்கின் வழக்கம். மறுத்தால் மனம் வருந்துவர் என்று அத்தனையும் குடித்துவந்தோம். “இனிச் சர்க்கரையில்லாக் காப்பியும் வேண்டாம், ஒரு குவளைத் தண்ணீர் போதும்” என்றோம். ஒரு பாட்டியார், “கருப்பட்டி ஒண்ணும் செய்யாது சாமி” என்று அன்போடு வற்புறுத்தினார். கருப்பட்டியும் தேனும் வெல்லமும் இரத்தத்தில் சேரும்போது சர்க்கரையே. கேழ்வரகுக் கூழையும் அளவின்றிக் குடித்தால் சர்க்கரை ஏறும். சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியையும் பயற்றையும் மீனையும் கூட்டுவதே எமக்குப் பயன் தந்தது.

மாத்திரை எடுக்கத் தொடங்கிய பின்னும் ஒரு பிழை செய்தோம். விபூதிப் புதனன்று வழக்கம்போல் ஒருசந்தி இருந்தோம். மாத்திரையையும் முழு அளவில் விழுங்கினோம். மாலையில் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் இருண்டது. கோயில்பிள்ளை மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தார். கால்மணி நேரத்தில் தெளிந்தோம். உணவைத் தவிர்த்து மருந்தை மட்டும் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். நோயுற்றோரை ஒருசந்தி கட்டுப்படுத்துவதில்லை. முதியோரும் நோயுற்றோரும், அவர்களைப் பேணுவோரும், முந்திய ஒரு மணி நேரத்திற்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919ஆம் விதி கூறுகிறது. தாய் இவ்வளவு இரங்கும்போது, பிள்ளைகள் தம்மைத் தாமே வருத்திக்கொள்ள வேண்டுவதில்லை.

வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்வோருக்கும் ஒரு சொல். நாட்பட்ட நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியை மங்கச் செய்யும். முள் தைத்தாலும் கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. நேர்ச்சையை வேறு வகையில் செலுத்த இயலுமா என்று உங்கள் பங்குக்குருவிடம் கேளுங்கள். வீட்டிலும் இரவுதோறும் பாதத்தை விளக்கொளியில் பாருங்கள்.

இன்சுலின் ஊசி என்றால் கதை முடிந்தது என்று அஞ்சுவோர் பலர். 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில், சாவின் விளிம்பில் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. அவன் பிழைத்து மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். முடிவுக்கு அறிகுறியாக அன்று. வாழ்வதற்காகவே வந்த மருந்து அது.

இரவில் எழுவோர் அனைவருக்கும் நீரிழிவு என்று சொல்ல வரவில்லை. ஆண்களுக்கு வயது ஏற ஏற விந்துப்பை அருகிலுள்ள புராஸ்டேட் சுரப்பி பெருப்பதும், சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்படுவதும், இதயம் தளர்ந்து கால் வீங்குவதும், நீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் உண்பதும், இரவில் காப்பி தேநீர் அருந்துவதும் காரணமாகலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளும் இன்று உள்ளன. அவற்றை உண்போர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். காரணம் எதுவாயினும், இரவில் இரண்டு முறைக்கு மேல் எழுவது வழக்கமாகிவிட்டால் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

இளையோரே, மருமக்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதியவர் இரவில் எழும் ஓசை உங்கள் தூக்கத்தைக் கெடுக்கலாம். சலித்துக்கொண்டால் அவர் ஓசையின்றி எழக் கற்றுக்கொள்வார். இருட்டில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். வழியில் கிடக்கும் நாற்காலியை அகற்றுங்கள். சிறு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். நடக்க இயலாதவருக்குப் படுக்கையருகே ஒரு பாத்திரம் வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, “ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்?” என்று முகம் கோணாமல் கேளுங்கள். எம் கோயில்பிள்ளை தம் மனைவியிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. எம்மிடம் கேட்டார், நாம் பிழைத்தோம்.

மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. கூரை வேலை முடிந்தது. எச்.பி.ஏ.1.சி. இப்பொழுது 7க்கு அருகில் நிற்கிறது. இரவில் ஒரு முறை எழுகிறோம். சென்ற திங்கள் கதவுகளைச் செப்பனிட வந்த தச்சர், அந்தத் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட முன்வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். திண்ணையில் படுத்திருப்பவருக்குக் கேட்கட்டும்.